பெரும்பான்மை பிறப்பால் அமைந்த நாட்டில், ‘பெரும்பான்மையின் முடிவு’ எப்படி நியாயமாகும்?

கரும்பலகை (கிளிநொச்சி) எழுதியது:

வணக்கம். பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் கற்பிக்கிறேன். சனநாயகத்தின் மீது வைக்கப்படும் விமர்சனங்களை ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடுவது வழக்கம். இம்முறை முடிக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமான விமர்சனங்களுக்கு என்னிடம் ஓரளவு பதில் உண்டு. கப்பலைச் செலுத்தத் தெரிந்தவனை விட்டுவிட்டு மாலுமிகளின் கூச்சலுக்குச் சுக்கானைக் கொடுப்பது போன்றது மக்களாட்சி என்று பிளேட்டோ சொன்னதைக் கற்பிக்கும்போது, கி.மு. 399இல் சோக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்ததும் ஏதென்ஸ் குடிமக்களின் வாக்குத்தான் என்பதை மறைப்பதில்லை. அதோடு, கி.மு. 427இல் மித்திலினி நகரத்து ஆண்கள் எல்லோரையும் கொல்வதென்று முடிவெடுத்த அதே சபை மறுநாள் மீண்டும் கூடி அந்த முடிவை மாற்றியதையும், கொலைக் கட்டளையோடு போன முதற் கப்பலைப் பிடிப்பதற்காக இரண்டாவது கப்பலொன்று இரவு பகலாகத் துடுப்பு வலித்துப் போனதையும் சொல்லுவேன். தவறு செய்யும் சபை தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளவும் வழியுள்ள ஏற்பாடு இது என்பது என் விளக்கம். செலவு, தாமதம், பணபலம் ஆகியவற்றைப் பற்றியும் இப்படி ஏதாவது சொல்ல முடிகிறது.

தேர்தலில் தோற்றவர் ஏன் தோல்வியை ஏற்றுக்கொள்கிறார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இன்று தோற்றவர் நாளை வெல்லலாம், வென்றவருக்கும் அது தெரியும், ஆகவே இருவரும் அளவோடு நடந்துகொள்கிறார்கள் என்று சொன்னேன். அப்போது மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி எழுந்து, “அப்ப நாங்கள் எந்த நாளைக்கு வெல்லுவம், ரீச்சர்?” என்று கேட்டாள். துடுக்காகக் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்து, பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலை எழுதிக்கொள்ளத் தயாராகவே கேட்டாள். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று நேரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

‘சமஷ்டி முறை, அதிகாரப் பகிர்வு’ என்று இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பரீட்சைக்கு அது போதும். அவள் கேட்டதற்குப் போதாது. மொழியாலும் இனத்தாலும் ஒரு பக்கம் எப்போதும் கூடவும் மறுபக்கம் எப்போதும் குறையவும் இருக்கும் நாட்டில், வாக்குகளை எண்ணி முடிவெடுப்பதே அநீதிக்கு வழி என்ற விமர்சனத்துக்கு உண்மையான மறுமொழி உண்டா? இல்லையென்றால், இல்லை என்றே சொல்லிவிடலாமா?

சாவடி அலுவலர் (வவுனியா) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எழுதுவினைஞராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிப்பு நிலையக் கடமை செய்தவன் நான். அந்த அனுபவத்தையும், பிறகு வாசித்துச் சேர்த்த கணக்குகளையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாட்டில் இருக்கும் பெரும்பான்மை வேறு, தேர்தல் முறை பாராளுமன்றத்துக்குள் உருவாக்கிக் கொடுக்கும் பெரும்பான்மை வேறு. 1970ஆம் ஆண்டு இலங்கைப் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 37.9 வீத வாக்குகளும், சுதந்திரக் கட்சிக்கு 36.9 வீத வாக்குகளும் கிடைத்தன. கூடுதலான வாக்குப் பெற்றவர்களுக்குக் கிடைத்தவை 17 ஆசனங்கள். குறைவாகப் பெற்றவர்களுக்கு 91. சுதந்திரக் கட்சி இடதுசாரிகளுக்குத் தொகுதிகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த தொகுதிகளிற் போட்டியிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தவறாகிவிடும். ஆனால் அந்தக் கூட்டணி முழுவதற்கும் கிடைத்த வாக்குகளும் பாதிக்குச் சற்றுக் குறைவே. அந்தப் பாதி வாக்கில் வந்த 116 ஆசனங்கள்தான், அதாவது மூன்றில் இரண்டைத் தாண்டிய பலந்தான், 1972இல் புதிய அரசியலமைப்பை இயற்றியது. எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்று சோல்பரி யாப்பில், அதாவது சுதந்திரத்தின்போது இருந்த அரசியலமைப்பில், இருந்த 29ஆம் பிரிவு அப்போது இல்லாமற் போயிற்று.

1977இல் ஊசல் மறுபக்கம் ஆடியது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50.9 வீத வாக்கு. 168 ஆசனங்களில் 140. ஏறத்தாழ 30 வீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே. நாடளாவிய வாக்கில் 7 வீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, வடக்குக் கிழக்கில் வாக்குகள் ஒன்றுசேர்ந்திருந்தபடியால் 18 ஆசனங்களுடன் பிரதான எதிர்க்கட்சி ஆயிற்று. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். உங்கள் மாணவி இந்த விவரத்தைத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்க்கட்சித் தலைவர் பதவி தமிழர் கையில் இருந்த காலத்திலேதான் 140 பேரின் பலத்தில் 1978 அரசியலமைப்பு வந்தது, 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பும் வந்தது.

அந்த வாக்கெடுப்பின்போது நான் இளவயதுக்காரன், வன்னியில் ஒரு சிறிய பாடசாலையிற் கடமை. பொதுத்தேர்தல் நடத்தாமல் இருக்கிற பாராளுமன்றத்தையே மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிப்பதா என்பதே கேள்வி. நீடிக்கலாம் என்பதற்கு விளக்கு, வேண்டாம் என்பதற்குக் குடம். வயதான கமக்காரர் ஒருவர் சீட்டை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என் மேசைக்கே திரும்பி வந்தார். “தம்பி, இதிலை ஆக்களின்ரை பேர் ஒண்டும் இல்லையே? விளக்கும் குடமும்தானே கிடக்குது. ஆருக்குப் போடுறது?” என்று கேட்டார். வாக்காளருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது எங்களுக்குக் கட்டளை. ஐயா, உங்களுக்குச் சரியென்று பட்டதற்குப் புள்ளடி போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் மறைப்புக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். தன் வாக்குரிமையை ஆறு ஆண்டுகளுக்கு ஒத்திவைப்பதற்கே தன்னிடம் வாக்குக் கேட்கிறார்கள் என்பதை யாராவது அவருக்கு விளக்கியிருந்தார்களா என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். நாடளாவிய முடிவு ஏறத்தாழ 54.7 வீதம் விளக்குக்கு. 1977க்குப் பிறகு அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியிலேதான் நடந்தது. இடையில் 1983இன் ஆறாவது திருத்தம் கேட்ட, தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்துக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1977இல் எங்கள் மக்கள் போட்ட வாக்குக்குச் சபையில் ஆளே இல்லாமற் போயிற்று.

இத்தனையும் சொன்னாலும், தேர்தல் முறையில் எல்லாப் பழியையும் போட்டுவிட என் மனச்சாட்சி இடந்தராது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டாரநாயக்காவின் முன்னணி ஏறத்தாழ 40 வீத வாக்கில் 95க்கு 51 ஆசனங்களைப் பெற்றது உண்மைதான். ஆனால் சட்டம் 56க்கு 29 என்று நிறைவேறியபோது, தேர்தலில் தோற்ற ஐக்கிய தேசியக் கட்சியும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது. எதிர்த்தவர்கள் தமிழ் உறுப்பினர்களும் இடதுசாரிகளும். விகிதாசார முறை அன்றைக்கே இருந்திருந்தாலும் சட்டம் நிறைவேறித்தான் இருக்கும்.

அங்கே நடந்தது ஏலம். இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே மக்கள் தொகுதியின் வாக்குக்குப் போட்டியிடும்போது, ஒருவர் விட்டுக்கொடுத்தால் மற்றவர் அதையே ஆயுதமாக்குவார். 1957 யூலையில் பண்டாரநாயக்கா, தமிழ்ப் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தருவதாகத் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டவர் எதிரணியிலிருந்த ஜே.ஆர். ஜயவர்த்தனா. 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்கா செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தபோது, எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் சுதந்திரக் கட்சியினரும் அவர்களுடன் சேர்ந்த இடதுசாரிகளும். அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. ஆட்சியில் இருக்கும்போது கையெழுத்திட்டவர்கள் எதிரணிக்குப் போனதும் எதிர்த்தார்கள். எல்லோரும் கெட்ட மனிதர்கள் என்பதால் இப்படி நடந்தது என்று நான் நம்பவில்லை. விட்டுக்கொடுப்பவர் அடுத்த தேர்தலில் தோற்பார் என்ற பயத்தை அந்தப் போட்டியே உண்டாக்கிவிட்டது. சனநாயகத்தின் மீதான விமர்சனங்களில் எனக்கு மிகவும் பாரதூரமாகத் தெரிவது இதுதான். அதைப் பாடப்புத்தகம் ஒரு வரியிற்கூடச் சொல்வதில்லை.

தேயிலைத்தூர் (ஹட்டன்) எழுதியது:

ரீச்சருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா சொன்ன கணக்குகள் எல்லாம் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவர்களுடைய கணக்குகள். நான் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களின் பேத்தி. அதனால் அதற்கு முந்திய படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1947 பொதுத்தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றானது. 1952 தேர்தலில் அந்தக் கட்சியிலிருந்து ஒருவரும் இல்லை. ஐந்தே ஆண்டுகளில் ஏழு பூச்சியமானது. மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் இந்த நாட்டில் வேலை செய்துகொண்டே நாடற்றவர்கள் ஆனார்கள்.

அதற்குப் பின் நடந்த ஒன்று பலருக்குத் தெரியாது. தொகுதிகளைப் பிரிக்கும்போது மக்கள்தொகையையும் நிலப்பரப்பையும் கணக்கெடுத்தார்கள். அந்த மக்கள்தொகையில் எங்கள் ஆட்களையும் சேர்த்தே எண்ணினார்கள். நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் ஆசனங்கள் கிடைக்க எங்கள் தலைகள் எண்ணப்பட்டன. அந்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரிவுசெய்ய எங்கள் கைகள் எண்ணப்படவில்லை. எங்களுடைய பங்கும் சேர்ந்து, பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வாக்காளரின் ஒரு வாக்கு மற்ற மாவட்டத்து வாக்கைவிடக் கனமாயிற்று.

என் அப்பாயி கொழுந்து பறித்தவர். அவருடைய தகரப்பெட்டியை அவர் இறந்த பிறகு நாங்கள்தான் திறந்தோம். உள்ளே இரண்டு சேலைகள், ஒரு வெற்றிலைப் பை, பழுப்பேறிய துணியில் சுற்றிய காகிதக் கட்டு. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் தாத்தா போட்ட விண்ணப்பத்தின் பிரதியும், அதற்கு வந்த மறுப்புக் கடிதமும் இருந்தன. 1946 சனவரி முதலாம் திகதிக்கு முந்திய காலத்தில், திருமணமானவர் ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாத்தா ஒரு தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டு அடுத்த தோட்டத்தில் பேர் பதியும்வரை இடையில் சில மாதங்களுக்குக் கடதாசி இல்லை. அந்தச் சில மாதங்கள் எங்கே இருந்தார் என்பதற்குச் சான்று கேட்டிருந்தார்கள். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறையில், உறவினரோடு இருந்தவருக்கு யார் சான்று எழுதிக்கொடுப்பார்? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேரை இங்கே வைத்துக்கொள்வதென்றும் இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தன. போகிறவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. அப்பாயியின் இரண்டு சகோதரர்கள் போனார்கள், அவர் இருந்துவிட்டார். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 1988 சட்டத்தின் பிறகுதான் அவர் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியது. மை பூசிய சின்ன விரலை வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் காட்டினார் என்று அம்மா சொல்வார்.

ஆகவே ரீச்சர், உங்கள் மாணவியிடம் இதையும் சொல்லுங்கள். மக்களாட்சியில் மக்கள் முடிவெடுக்கிறார்கள் என்கிறோம். ‘மக்கள்’ யார் என்பதை எந்த வாக்கெடுப்பாலும் முதலில் முடிவுசெய்ய முடியாது. ஏனென்றால் அந்த வாக்கெடுப்பில் யார் யார் வாக்களிக்கலாம் என்ற கேள்வி அதற்கு முன்னாலேயே வந்து நிற்கும். 1948இல் அந்தக் கேள்விக்கு விடை கூறியவர்கள், எங்களை நீக்கினால் இலாபமடையும் நிலையில் இருந்தவர்களே. வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். 1953இல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம், தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது சட்டசபைக்கு இயல்பான உரிமைதான் என்று தீர்ப்பளித்தது. ஐயா குறிப்பிட்ட அந்த 29ஆம் பிரிவு யாப்பில் உயிரோடு இருந்த காலத்திலேயே இது நடந்தது. பூட்டு இருந்தது, கதவு திறந்தே கிடந்தது.

1948இன் அந்த முதற் சட்டத்துக்குத் தமிழ்ப் பிரதிநிதிகள் சிலரும் ஆதரவாக இருந்தார்கள் என்பது எங்களுக்கு ஆறாத வலி. செல்வநாயகம் எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு.

குழுத்தொகுதி வாசி (சிங்கப்பூர்) எழுதியது:

வணக்கம். சுருக்கமாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இத்தகைய உரையாடல்களில், ‘வாக்குச் சண்டையே வேண்டாம், திறமையான நிர்வாகம் போதும், சிங்கப்பூரைப் பாருங்கள்’ என்று யாராவது எழுதுவது வழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன் என்ற முறையில் அதை முன்கூட்டியே மறுக்கிறேன். இங்கும் தேர்தல் உண்டு. சீனர்கள் ஏறத்தாழ முக்கால் பங்கு இருக்கும் நாட்டில் மலாய்க்காரரும் இந்தியரும் நாடாளுமன்றத்தில் இல்லாமற்போகும் ஆபத்து உண்டு என்பதை உணர்ந்து, 1988இல் குழுத்தொகுதி முறையைக் கொண்டுவந்தார்கள். அத்தகைய தொகுதிகளில் ஒரு குழுவாகவே போட்டியிட வேண்டும்; குழுவில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். நல்ல நிர்வாகி இருந்தால் இனக்கணக்கு தானாகச் சரியாகிவிடும் என்று இங்குள்ளவர்களே நம்பவில்லை.

அதற்கும் ஒரு விலை இருக்கிறது. நான்கைந்து பேரைத் திரட்ட முடியாத சிறிய கட்சி அத்தொகுதிகளில் போட்டியிடவே முடியாது. அதனால் ஆளுங்கட்சிக்கு இந்த முறை வசதியாக அமைந்தது என்ற குறை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. எதிர்க்கட்சி முதன்முதலில் ஒரு குழுத்தொகுதியை வென்றது 2011இல், அல்ஜுனிட்டில். நான் அந்த முறையை ஆதரிப்பவன். ஆனால் சிறுபான்மைக்குப் போட்ட வேலி, எதிர்க்கட்சியின் பாதையையும் சேர்த்து மறிக்கக் கூடும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

அம்மா, உங்கள் மாணவி கேட்ட கேள்வியை ஒருவர் 1945லேயே கேட்டிருக்கிறார். அந்த ஆண்டு மே மாதம் பம்பாயில் அம்பேத்கர் ஆற்றிய உரையில், அரசியல் பெரும்பான்மை வேறு, சமூகப் பெரும்பான்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். அரசியல் பெரும்பான்மை கொள்கையால் உருவாவது. யாரும் அதில் சேரலாம், விலகலாம், அது கலையும், மீண்டும் கூடும். சமூகப் பெரும்பான்மையோ பிறப்பால் அமைவது. வெளியில் இருப்பவர் உள்ளே போக முடியாது. முதல் வகையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ‘பெரும்பான்மை ஆளட்டும்’ என்ற விதியை இரண்டாம் வகைக்கு அப்படியே பொருத்துவது தவறு என்பது அவர் வாதம். பெரும்பான்மைச் சமூகமே ஆனாலும் சட்டமன்றத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் இடம் தரக் கூடாது என்றுகூட அவர் திட்டம் வகுத்தார். அது ஏற்கப்படவில்லை.

இந்த வேறுபாட்டை எங்கள் ஊர்க் கணக்கிலேயே காட்டலாம். 1991 சட்டமன்றத் தேர்தலில் திமுக 22 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியும் 234 இடங்களில் இரண்டில்தான் வென்றது. 1996இல் அதிமுக 21 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி நான்கே இடங்களைப் பெற்றது. வாக்குக்கும் இடத்துக்கும் இடையே இப்படிப்பட்ட இடைவெளி இருப்பது பெரிய குறைதான். ஆனால் இரண்டு இடத்தோடு நின்ற திமுக ஐந்தே ஆண்டுகளில் 173 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. நான்கு இடத்தோடு நின்ற அதிமுக அடுத்த ஐந்தாவது ஆண்டில் ஆட்சிக்கு வந்தது. தோற்றவருக்கு நாளை என்று ஒன்று இருந்தது.

அதே 1996இல் இதே மாநிலத்தில் ஊராட்சித் தேர்தலும் நடந்தது. எங்கள் மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, பெரும்பான்மைச் சாதியினர் தேர்தலே நடக்கவிடாமல் தடுத்தார்கள். வேட்புமனு போட ஆள் வரமாட்டார். வந்து வென்றவர் உடனே பதவி விலகும்படி செய்யப்படுவார். 2006 வரை பத்து ஆண்டுகள் இப்படியே போயிற்று. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் செய்த குற்றம் தேர்தலில் நின்று வென்றது. மாநிலம் முழுவதற்கும் எடுத்தால் பெரும்பான்மை மாறிக்கொண்டே இருக்கிறது. ஊர் மந்தையில் வந்து நின்றால் அதே பெரும்பான்மை பிறப்பால் முடிவாகிவிடுகிறது. ஆகவே உங்கள் மாணவியின் கேள்வி இலங்கைக்கு மட்டும் உரியதன்று.

ஹட்டன் சகோதரியிடம் ஒரு சிறிய மாறுபாடு உண்டு. பூட்டு பயனற்றது என்று சொல்லிவிடலாகாது. 2006இல் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தலை நடத்த வைத்தது மாவட்ட நிர்வாகத்தின் உழைப்பும் இயக்கங்களின் தொடர்ந்த போராட்டமும். ஆனால் கேட்பதற்கு ஒரு பிடிமானமாக இந்திய அரசியலமைப்பில் ஊராட்சிகளைப் பற்றிய 73ஆம் திருத்தமும் அதிலிருந்த இடஒதுக்கீடும் இருந்தன. எழுத்தில் இருந்ததால்தான் பத்து ஆண்டுகளும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க முடிந்தது. அதை எண்ணிக்கையால் அகற்றும் அதிகாரம் பாப்பாபட்டியின் பெரும்பான்மைக்கு இல்லை. கொழும்பில் 1972இல் இருந்த பெரும்பான்மைக்கு அந்த அதிகாரம் இருந்தது. பாதுகாப்பு விதியை மாற்றும் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தேயிலைத்தூர் எழுதியது:

அண்ணா, சாவியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பத்து ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு அந்த ஊர் மக்களிடம் வாக்காவது இருந்தது. எங்களிடம் அதுவும் இருக்கவில்லை. முதலில் வாக்கைப் பறித்துவிட்டால் பிறகு எந்த விதியையும் பிடித்துத் தொங்க முடியாது.

சாவடி அலுவலர் எழுதியது:

நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். எண்ணிக்கையிற் குறைந்தவர்களின் வாக்குக்கு எடை வந்த இடமும் ஒன்று உண்டு. 1978 முறையில் முதல் எண்ணிக்கையிலேயே சனாதிபதியாவதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். நாடு முழுவதும் ஒரே தொகுதி என்பதால், பெரிய கட்சிகள் இரண்டும் சம பலத்தில் மோதும்போது வடக்குக் கிழக்கும் மலையகமும் முடிவைத் தீர்மானிக்கலாம். 2015 சனவரியில் மைத்திரிபால சிறிசேன 51.28 வீதத்தில் வென்றது அப்படித்தான். யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் அள்ளிக் கொடுத்த வாக்குகளை விலக்கிவிட்டு அந்த வெற்றியை நினைத்துப் பார்க்க முடியாது. 2005இல் மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்தில் வென்றபோது யாழ்ப்பாணத்தில், தேர்தல் புறக்கணிப்பினால், வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 1.2 வீதமே. அன்று நான் கடமை செய்த நிலையத்தில், காலையில் முத்திரையிட்ட பெட்டியை மாலையில் தூக்கியபோது உள்ளே கடதாசி சரசரக்கும் ஓசைகூடக் கேட்கவில்லை.

இதையே பூரணமான மறுமொழி என்று சொல்ல மாட்டேன். 2019இல் கோட்டாபய ராஜபக்ச வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தோல்வி கண்டும் 52.25 வீதம் பெற்றார். பெரும்பான்மை ஒருபக்கமாகத் திரண்டுவிட்டால் இந்த ஏற்பாடும் கைகொடுக்காது. இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவுகள் இந்த மறுமொழிகளையே வாசித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில், ‘இன்று தோற்றவர் நாளை வெல்லலாம்’ என்று நான் சொன்னது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளப் போகிறேன். அது நான் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்ன வாக்கியம். அரசியல் பெரும்பான்மைக்கு மட்டுமே பொருந்தும் வாக்கியம். அதன் பிறகு 1970, 1977 ஆசனக் கணக்கை மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்வேன். 1956இன் 56க்கு 29ஐ அதற்குப் பக்கத்தில் எழுதி, தேர்தல் முறையை மாற்றியிருந்தால் எது மாறியிருக்கும், எது மாறியிருக்காது என்று கேட்பேன். சிங்கப்பூர் உதாரணத்தை ஒரு குழுவுக்கும், மதுரைப் பக்கத்து ஊராட்சிகளை இன்னொரு குழுவுக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அந்த மாணவிக்கு நேரடியான பதில் இன்னமும் என்னிடம் முழுதாக இல்லை. வாக்குகளை எண்ணுவதால் வந்த அநீதியை, எண்ணாமல் விட்டும் சரிசெய்ய முடியாது என்பதுவரை வந்திருக்கிறேன். அதை அவளிடம் அப்படியே சொல்வேன்.

ஹட்டன் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவுக்கு வந்த மறுப்புக் கடிதத்தின் படம் ஒன்றை வகுப்பில் காட்டலாமா? எங்கள் பிள்ளைகள் 1956ஐ அறிவார்கள், 1983ஐ அறிவார்கள். 1948ஐ ஒரு திகதியாக மட்டுமே அறிவார்கள்.

தேயிலைத்தூர் எழுதியது:

தாராளமாகக் காட்டுங்கள், ரீச்சர். பெயரையும் பதிவு இலக்கத்தையும் மறைத்து இன்றிரவே அனுப்புகிறேன். தாத்தாவின் பெருவிரல் அடையாளம் மட்டும் அப்படியே இருக்கட்டும்.